ஒன்றரைச் சாண் நூல்

திருகோணமலை
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகனும் சின்னவனும் சுகம்தானே. எனக்கு ஒரு குறையும் இல்லை. மழை மூன்று நாளாக விட்டபாடில்லை, கிணறு கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. கடல் கலங்கிக் கிடக்கிறது, மீன்காரர் வருவதில்லை. முற்றத்தில் நின்ற முருங்கை சரிந்து போச்சுது. வேறு விசேஷம் இல்லை.

சின்னவன் அனுப்பின குரல் பதிவு கிடைத்தது. "அம்மப்பா, உங்கட வீடு எவ்வளவு தூரம்? டீச்சர் கேட்டவ." எவ்வளவு வடிவாகத் தமிழ் கதைக்கிறான்! அதற்கு நீதான் காரணம், அதில் எனக்குப் பெருமை. அவனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் கேட்டது, கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு உன் குரல்: "அம்மப்பாவையே கேள். அவருக்கு நேரமெல்லாம் வடிவாத் தெரியும்."

பதினொரு தரம் போட்டுக் கேட்டிருப்பேன். பிள்ளை கேட்டது தூரம். நீ சொன்னது நேரம். நீ அதைப் பகிடிக்குச் சொன்னாயா, குத்திச் சொன்னாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. எதுவென்றாலும் சொன்னது சரி.

சரி, முதலில் பிள்ளையின் கேள்விக்குப் பதில். அவனுக்கு வாசித்துக் காட்டு.

அம்மாவின் உலக உருண்டையை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். ரஷ்யா என்று அதில் இல்லை, இன்னும் சோவியத் யூனியன்தான். எங்கள் நாடு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கடுதாசிதான் தெரிகிறது. வகுப்புக்கு வகுப்பு "எங்கட நாடு எங்கே, வந்து தொடு" என்று பிள்ளைகளைக் கூப்பிட்டா அல்லவா, அத்தனை விரலும் பட்டுத் தேய்ந்து போனது. அந்த வெள்ளையில் வலது பக்கமாக நீலப் பேனையால் ஒரு புள்ளி குத்தி வைத்திருக்கிறா. அது நாங்கள். தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, ஒரு நுனியை அந்தப் புள்ளியில் செலோடேப் போட்டு ஒட்டி, மற்ற நுனியை ரொறன்ரோவில் வைத்து இறுக்கிப் பிடித்தேன். நூல் தானாக வழி பார்த்துக்கொள்ளும், நாம் வளைக்கக்கூடாது என்று அம்மா சொல்லுவா. நான் நினைத்தது அது மேற்கே அரபுநாடு, ஐரோப்பா என்று போகும் என்று. இல்லை. இந்தியாவுக்கு மேலாலே ஏறி, பஞ்சாபைத் தொட்டு, கசகஸ்தான், ரஷ்யா என்று வடக்கே வடக்கே போய், கிறீன்லாந்துக் கடலைத் தாண்டித்தான் கனடாவுக்குள் இறங்குகிறது. உருண்டையை மேலிருந்து பார்த்தால் ஏன் என்று விளங்கும். நாங்கள் 81 பாகை கிழக்கு, நீங்கள் 79 பாகை மேற்கு. கிட்டத்தட்ட உலகத்தின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். அப்படி இருந்தால் தலைக்கு மேலாலே போவதுதான் குறுக்கு வழி.

நூலை எடுத்து அடிமட்டத்தில் வைத்தால் முப்பத்திரண்டே முக்கால் சென்றிமீட்டர். ஒன்றரைச் சாண் கூட இல்லை. நடுவாலே முழு உருண்டையையும் சுற்றினால் 94 சென்றிமீட்டர், அது 40,000 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 13,900 வருகிறது. சின்னவனை 13,900 என்று எழுதச் சொல்லு. மற்றப் பிள்ளைகள் போனில் தேடி எழுதுவார்கள், இவன் தன் அம்மம்மாவின் நூலால் அளந்தது என்று டீச்சரிடம் சொல்லட்டும்.

ஆனால் அந்த வழியால் யாரும் வருவதில்லை. நேரே பறந்தால் பதினைந்தரை மணித்தியாலம். அதைவிடத் தூரமாக, சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீட்டரை ஒரே பறப்பில், பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் பறந்து போகிறார்கள். அப்படியென்றால் பிளேனால் ஏலாது என்று இல்லை. நேரடியாக விடுவதற்கு ஆட்கள் சேரவேண்டுமே. ஆகவே நீங்கள் டுபாய் சுற்றித்தான் வரவேண்டும். அதையும் அளந்தேன். ரொறன்ரோவிலிருந்து டுபாய் 11,100, டுபாயிலிருந்து கட்டுநாயக்கா எயார்போட் 3,300. கூட்டினால் 14,400. நேர்வழி கட்டுநாயக்காவுக்கு 14,000. ஆக 400 கிலோமீட்டர்தான் சுற்று, அது அரை மணித்தியாலப் பறப்பு. சுற்று, சுற்று என்று நாங்கள் சலித்துக்கொண்டது வீண்.

இன்னொன்று. டுபாயிலிருந்து உங்கள் பக்கம் போக 14 மணித்தியாலம். அங்கிருந்து டுபாய் வர 13, சில நாள் அதற்கும் குறைவு. மேலே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே பெரும் வேகத்தில் அடிப்பதுதான் காரணம். போகிறவனுக்கு எதிர்க்காற்று, வருகிறவனுக்குப் பின்காற்று. வீட்டுக்கு வருகிற பக்கமாகத்தான் காற்று அடிக்கிறது, பிள்ளை. அதற்காக வா என்று நான் கேட்கவில்லை. உனக்கு வேலை, வீட்டுக் கடன், சின்னவனின் பள்ளிக்கூடம் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்போதாவது வெளிக்கிட்டால் டுபாயில் மூன்று மணித்தியாலமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடு. ஒன்றரை மணித்தியாலம் போதும் என்று மருமகன் சொல்லுவார். போதாது. ரொறன்ரோவில் சறுக்கினால் டுபாயில் விழுந்து, கட்டுநாயக்காவில்தான் எழும்பவேண்டி வரும். பிளேனில் தண்ணீர் நிறையக் குடி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எழும்பி நட.

கட்டுநாயக்காவிலிருந்து வீடு சுமார் 240 கிலோமீட்டர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். வான் வண்டியில் ஆறு மணித்தியாலம். 14,400 கிலோமீட்டருக்கு 17 மணித்தியாலம், 240 கிலோமீட்டருக்கு ஆறு. சின்னவன் இதைக் கேட்டுச் சிரிப்பான். ரயிலில் வந்தால் இதைவிட மோசம், கொழும்பில் இரவு ஏறினால் விடியப்புறம்தான். நான் முப்பத்துநாலு வருஷம் அந்தப் பாதையில் சோறு தின்றவன், குறை சொல்லக்கூடாது.

எல்லாம் கூட்டினால், டுபாயில் நிற்கிற ஐந்தாறு மணித்தியாலத்தையும் சேர்த்து, உன் வீட்டுக்கதவைப் பூட்டுகிற நேரத்திலிருந்து எங்கள் படலையைத் திறக்கிற நேரம்வரை 33 மணித்தியாலம். நான் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு தரம் 32 வந்தது, ஒரு தரம் 35. முப்பதுக்குக் கீழே ஒரு தரமும் வரவில்லை.

இந்த மாதத்திலிருந்து உங்களுக்கும் எங்களுக்கும் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். கோடையில் ஒன்பதரையாக இருந்தது. சுவரில் இரண்டு மணிக்கூடு மாட்டியிருக்கிறேன். ஒன்று உங்களுடையது, அம்மா மாட்டினது. அதற்கு பற்றரி மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். நீ வேலைக்கு எழும்புகிற நேரம், சின்னவன் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம் எல்லாம் இங்கிருந்தே பார்ப்பேன். நீ வேலை முடிந்து காரை எடுக்கிற நேரம் எனக்கு விடிய நாலரை. ஐஸ் விழுந்தால் மெதுவாக ஓட்டு. அந்தக் கறுப்பு ஐஸ் கண்ணுக்குத் தெரியாதாம்.

நீ கூப்பிடுவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாய். "சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, காசு வந்ததா." மூன்று கேள்வி, மூன்றுக்கும் ஓம் என்கிறேன். பிறகு சின்னவனிடம் போனைக் கொடுத்துவிடுகிறாய். முன்பெல்லாம் ஒரு மணித்தியாலம் கதைப்பாய், அங்கே வாங்கின கத்தரிக்காயின் விலை வரைக்கும் சொல்லுவாய். இரண்டு வருஷமாக அது இல்லை. கன்னியாவிலிருந்து திரும்பின அன்றிலிருந்து இல்லை.

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து எல்லோரும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்க் குளித்தோமே. நீ மூன்றாவது கிணற்றில் வாளியை விட்டு நிற்கிறாய். உன் சின்னம்மா பக்கத்தில் வந்து ஏதோ சொன்னது தெரிந்தது, என்ன சொன்னா என்று எனக்குக் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இராவணன் தாய்க்குக் கடமை செய்யக் குத்தின கிணறு என்று உனக்கு அந்தக் கதையைச் சொன்னவன் நான்தான், சின்ன வயதில், அதே இடத்தில் வைத்து. வானில் திரும்பும்போது நீ முன்சீற்றில் ஏறிக்கொண்டாய். வீடு வரும் மட்டும் தலையைத் திருப்பவில்லை.

சின்னம்மா சொன்னது இதுதான் என்று நினைக்கிறேன்: செவ்வாய்க்கிழமையே டொக்டர் சொல்லிவிட்டார், உன்ர கொப்பர்தான் மறைத்தவர். உண்மை. நான் உனக்குச் சொன்னது "சடுதியாய்ப் போயிட்டா" என்று. அது பொய்.

திங்கள் இரவு மூச்செடுக்க முடியாமல் கொண்டுபோனோம். செவ்வாய் காலை பத்து மணிக்கு டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இருதயம் நல்லாய்ப் பலவீனம் ஐயா. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் இப்பவே சொல்லிவிடுங்கோ" என்றார். நல்ல மனிசன், என் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். நான் வாசலில் நின்ற வேப்பமரத்துக்குக் கீழே போய்ப் போனை எடுத்தேன். உனக்குத் திங்கள் இரவு பதினொன்றரை. படுத்திருப்பாய், விடிய ஐந்து மணிக்கு வேலை என்று போனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். மத்தியானம் எடுத்தேன், வைத்தேன். பின்னேரம்தான் கூப்பிட்டேன். "அம்மாவுக்குப் பிரஷர் கொஞ்சம் கூடிப்போச்சு, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறம்." நீ உடனே, "நான் வரட்டோ அப்பா" என்றாய். நினைவிருக்கிறதா? ஒரு தரம் அல்ல, இரண்டு தரம் கேட்டாய். ஐஸ் கொட்டுகிற நேரத்தில் நாலு வயதுப் பிள்ளையோடு எங்கே வருகிறது, லட்சக் கணக்கில் டிக்கெட், லீவு தரமாட்டார்கள், தேவையில்லை என்றேன்.

என் தொழிலை நீ அறிவாய். ஒற்றைப் பாதையில் டப்லட் இல்லாமல் ரயில் ஓடாது. உள்ளங்கையில் அடங்குகிற வட்டத் தகடுதான், தோல் உறையில் போட்டு வளையத்தில் கொளுவி டிரைவர் கைக்குக் கொடுப்போம். அது கைக்கு வராவிட்டால் எவ்வளவு பெரிய எஞ்சின் என்றாலும் சிக்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டியதுதான். பாதை திறந்து கிடக்கும், ஒரு வண்டியும் எதிரே வராது, ஆனாலும் நிற்கும். உன்னுடைய டப்லட் நாலு நாள் என் சட்டைப்பைக்குள் கிடந்தது.

அந்தச் செவ்வாய் பத்து மணிக்கே நான் சொல்லியிருந்தால்? ஒரு நாள் ஆயத்தம் என்று வை. நீ செவ்வாய் இரவு பத்து மணிக்குப் பிளேனில் ஏறியிருப்பாய். அது இங்கே புதன் காலை எட்டரை. பதின்மூன்று மணித்தியாலம், இரவு ஒன்பதரைக்கு டுபாய். அங்கே ஐந்தரை மணித்தியாலம் இருந்தாலும் வியாழன் காலை ஏழேகாலுக்குக் கட்டுநாயக்கா. பெட்டி எடுத்து வெளியே வர எட்டரை. பின்னேரம் இரண்டரைக்கு அம்மாவின் கட்டிலடி. அம்மா போனது வெள்ளி அதிகாலை மூன்று நாற்பது. பதின்மூன்று மணித்தியாலமும் பத்து நிமிஷமும் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அம்மா பேசினா. தேத்தண்ணி கேட்டு இரண்டு கரண்டி குடித்தா.

ஐஸ், பிள்ளை, லீவு, காசு எல்லாம் நான் சொன்ன காரணம். இருந்த காரணம் வேறு. உன்னைக் கூப்பிட்டால் அம்மா பிழைக்கமாட்டா என்று ஆகிவிடும். நீ வாசலில் வந்து நின்றால் அவவுக்கும் விளங்கிவிடும், எனக்கும் விளங்கிவிடும். எனக்கு அது பயமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

இதுவும் எனக்குத் தெரியாத வேதனை இல்லை, அதுதான் வெட்கம். 1996 ஆவணியில் உன் அப்பம்மா முல்லைத்தீவுப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்த இடத்தில் மோசம் போனா. காகம் பறந்தால் இங்கிருந்து 90 கிலோமீட்டர். செய்தி செஞ்சிலுவைக் கடிதத்தில் என் கைக்கு வர 23 நாள். அண்ணன் எழுதியிருந்தார், "மாலை 6 மணி, பழைய நேரம்" என்று. அந்த வருஷம்தான் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினது, புலிகளின் பிடியில் இருந்த அந்தப் பக்கம் தள்ளவில்லை. இந்தச் சின்னத் தீவுக்குள்ளே இரண்டு நேரம். அப்போது ஆறு மணியா ஏழு மணியா என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு கந்தளாய் ஸ்டேஷனில் இருந்தேன். அந்த ஏழு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். 90 கிலோமீட்டரில் இருந்தும் போகமுடியாமல் போனவன், 13,900 கிலோமீட்டரில் இருந்து வரக்கூடியவளை வராமல் பண்ணினேன். எனக்குச் சண்டை இருந்தது, தடை இருந்தது. உனக்கு நான் இருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது சின்னம்மாவுக்கும் தெரியாது. வியாழன் இரவு அவ களைத்துப்போய் வீட்டுக்குப் போயிருந்தா. பெண்கள் வார்டில் இரவில் ஆண்கள் நிற்கமுடியாது, ஆனாலும் நிலைமையைப் பார்த்துத் தாதி ஒருத்தி திரைச்சீலையை இழுத்துவிட்டு எனக்கு ஒரு கதிரை போட்டுத் தந்தா.

அதற்கு முன்னம், பின்னேரம் நாலு மணி இருக்கும், அம்மா கேட்டா: "பிள்ளை வெளிக்கிட்டாளோ?"

நான் ஓம் என்றேன். வாயில் வந்துவிட்டது. "இப்ப எங்கே?" என்றா. டுபாயில் ஏறிவிட்டாள் என்றேன். அவ கண்ணை மூடி விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தா. புவியியல் டீச்சர் அல்லவா. "அப்ப எட்டேகாலுக்கு இறங்குவாள். விடியமுன்னம் வந்திடுவாள்" என்றா. எட்டரைக்கு, இறங்கிவிட்டாயாம் என்று சொன்னேன். பிறகு நிறுத்த வழி இல்லை. ஒன்பதரைக்கு உன்னை வானில் ஏற்றினேன். பெட்டி ஒன்று பிந்தி வந்ததாம் என்று அதையும் சேர்த்தேன். குருநாகல் தாண்டினாய். தம்புள்ளையில் இறங்கித் தேத்தண்ணி குடித்தாய். "சின்னவனுக்குத் தொப்பி போட்டவளோ" என்று கேட்டா. ஓம், சிவப்புத் தொப்பி என்றேன். ஒவ்வொரு ஊராகச் சொல்லச் சொல்லக் கையை இறுக்கிப் பிடித்தா. இரண்டு மணிக்கு ஹபரணைக்கு வந்துவிட்டாய். அதற்கு மேலே என்னிடம் பாதை இல்லை, மகளே. இன்னும் ஒன்றரை மணித்தியாலத்தில் உன்னைக் கொண்டுவந்து காட்டவேண்டும், உன்னை எங்கே எடுக்கிறது? யானை றோட்டில் நிற்கிறது, வானை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். அரை மணித்தியாலம் அந்த யானையை நிற்கவிட்டேன். "ஹோன் அடிக்கவேண்டாம் என்று டிரைவருக்குச் சொல்லுங்கோ" என்றா. அதுதான் கடைசியாக வடிவாகச் சொன்னது. பிறகு யானை ஒதுங்கி, நீ புறப்பட்டு, கந்தளாய்க் குளக்கட்டு வரைக்கும் வந்துவிட்டாய். மூன்று நாற்பது.

அவ நம்பினாவோ, என்னைத் தேற்றுவதற்காக நம்பினமாதிரி இருந்தாவோ, தெரியாது. ஒரு பொய்த் தந்தியைக் கூட நான் உத்தியோகத்தில் அடித்ததில்லை.

அன்று வெள்ளி. சனிப் பிணம் தனிப் போகாது என்று பெரியவர்கள் சொல்ல, வைத்திருந்தால் ஞாயிறு மட்டும் வைத்திருக்கவேண்டும் என்று ஆனது. ஞாயிறு வைத்திருந்தால் நீ வந்திருப்பாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்கே எடுத்தோம். பெறாமகன் கொள்ளி வைத்தான். பக்கத்து வீட்டுப் பெடியன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான், அதற்குள்ளே நீ இருந்தாய். உன் சமையலறை லைற் எரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

எழுதிவிட்டேன். மன்னி என்று கேட்க எனக்கு வாய் வராது, அது உனக்குத் தெரியும். நீ கேட்டது நேரம், நான் நேரத்தைச் சொல்லியிருக்கிறேன்.

மழைக்குக் கொஞ்சம் இளைப்பு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. பெரிதாக நினைக்காதே. போன கிழமை நெஞ்சு கொஞ்சம் இறுக்கினமாதிரி இருந்தது, காட்டினேன், இசிஜி எடுத்தார்கள். முடிவு சொல்ல வரச்சொன்னது வருகிற செவ்வாய் காலை பத்து மணிக்கு. உனக்குத் திங்கள் இரவு பதினொன்றரை. வெளியே வந்ததும், அந்த வேப்பமரத்துக்குக் கீழே நின்று உன்னைக் கூப்பிடுவேன். நல்லது சொன்னாலும் கூப்பிடுவேன், கெட்டது சொன்னாலும் கூப்பிடுவேன், டொக்டர் சொன்ன சொல்லை மாற்றாமல் சொல்லுவேன். என்னால் ஏலாமல் போனால் கூப்பிடச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெடியனிடம் உன் நம்பரும் மருமகனின் நம்பரும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே எத்தனை மணி என்று பார்க்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பக்கங்களை நானே போனில் படம் பிடித்து அனுப்புகிறேன், அவனிடம் கொடுக்க விருப்பமில்லை. எங்கேயாவது என் கட்டைவிரல் மறைத்திருந்தால் அந்த வரியைக் கேள், திரும்ப எடுத்து அனுப்புகிறேன். நூலை ஒரு கடித உறைக்குள் வைத்துச் சின்னவனுக்குத் தபாலில் போடுகிறேன். அது வர இரண்டு மூன்று கிழமை ஆகும், டீச்சரிடம் தவணை கேட்கச் சொல்லு.

ஐஸில் மெதுவாக ஓட்டு. டுபாயில் மூன்று மணித்தியாலம், மறந்துவிடாதே.

திங்கள் இரவு படுக்கும்போது போனைச் சத்தம் போட விட்டுவிட்டுப் படு.

அன்புடன்
அப்பா